அண்ணி எடுத்த கறை

என் அண்ணிக்கு இந்த உலகத்தில் ஒரே விரோதி கறைதான். அவள் நடத்தும் சலவைக்கடையில் நான் இஸ்திரி போடுகிறேன். மையோ, கிரீஸோ, எதுவானாலும் ஊறவைத்துத் தேய்த்து ஒரு வழி பண்ணிவிடுவாள். லாட்ஜ் படுக்கை விரிப்புகளின் மூலையில் நீலத்தில் அச்சடித்திருக்கும் லாட்ஜ் பெயரை மட்டும் விட்டுவைப்பாள். அது மங்கினால் லாட்ஜ்காரர் சண்டைக்கு வந்துவிடுவார்.

அன்று காலை வானத்தில் டமார் என்று ஒரு சத்தம். பக்கத்து நாட்டு உளவு ட்ரோனை நம் ராணுவம் சுட்டுவிட்டதாம். விழுந்த இடத்தில் அது எரிந்து கரிக்கட்டையாகிவிட்டது. அதன் பாராசூட் மட்டும் கழன்று எங்கேயோ மிதந்து போய்விட்டது என்று டிவியில் சொன்னார்கள். அது எங்களுடையதே இல்லை என்று அந்த நாடு சாதித்தது. பாராசூட்டில் இருக்கும் சின்னத்தைக் காட்டி மானத்தை வாங்குவோம், அப்புறம் பதிலடிதான் என்று நம்மவர்கள் மீசையை முறுக்கினார்கள். எல்லையில் எல்லோருக்கும் லீவு ரத்தாகும் என்றும் பேச்சு.

அண்ணன் போன பிறகு அண்ணிக்கு இருப்பது ஒரே மகன். எல்லையில் காவல் நிற்கிறான், அந்த வாரம்தான் லீவில் வருவதாக இருந்தது. டிவியை அணைத்துவிட்டு அண்ணி காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள்.

மதியம், பாராசூட் எங்கள் பக்கம் வந்ததாக யாரோ சொல்லி, ராணுவ அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். அண்ணி உள்ளே போய் வெள்ளை வெளேரென்று ஒரு மடிப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழுக்குகிறதே சனியன் என்று திட்டிக்கொண்டே சற்றுமுன் நான் இஸ்திரி போட்ட துணி! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதிகாரி பிரித்துப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்தது.

"இதுல ஒரு சின்னம் இருந்திருக்கணுமேம்மா?"

"அந்தக் கறைங்களா சார்? ஊறவெச்சு எடுத்துட்டேன். துளிகூடத் தெரியாது."

மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போக, இரண்டு நாடும் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு ஓய்ந்தன. பையனும் சொன்னபடி லீவில் வந்து சேர்ந்தான்.

அவன் சாப்பிடும்போது அன்றிலிருந்து பாடும் பல்லவியை நான் மறுபடி ஆரம்பித்தேன். கறைக்கும் சின்னத்துக்கும் வித்தியாசம் தெரியாதா, கண் என்ன பொட்டையா என்று எகிறினேன். அண்ணி அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

"தம்பி, லாட்ஜ் பேரை நான் என்னைக்காவது அழிச்சிருக்கேனா?" என்றாள்.