அவன் பக்கத்துல நின்னா...

கறுவாப்பட்டையும் ஆப்பிளும் சேர்ந்து வேகிற மணம்... சிரிக்காதீர்கள், அந்த மணத்தை நான் முதலில் காதால்தான் கேட்டேன். போனில்.

எனக்குப் பத்து வயது. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கோயில் பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா கோல் எடுப்பாள். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய கையைக் கழுவாமலே அப்பா ஓடுவார், பின்னால் நான். ஸ்பீக்கரில் போட்டால் பாறையில் காத்திருக்கிற எல்லோருக்கும் கேட்கும். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில் ரகசியம் ஏது?

அன்றைக்கு மழை. குரல் விட்டு விட்டு வந்தது.

"ஆப்பிள்... வீடு பூராவும் ஏசிங்க, வெறைக்குது... அவன் பக்கத்துல நின்னாத்தான் கொஞ்சம் ஆறுதலா இருக்கு..."

கட்.

அப்பாவின் முகம் செத்துவிட்டது. பக்கத்து வீட்டு செல்லம்மா அக்கா சும்மா இருந்தாளா? "யாருண்ணே அந்த அவன்?" என்று கேட்டே விட்டாள். பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்க அதே பேச்சு.

அப்பா போனை ஆஃப் செய்து பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"அப்பா, இன்னைக்கு வெள்ளிக்கிழமைப்பா..."

"அவளுக்குத்தான் ஆறுதலுக்கு ஆளு இருக்கே."

இப்படி மூன்று வெள்ளிக்கிழமை. அம்மா இனி வரவே மாட்டாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் தனியாகப் பாறையில் போய் உட்கார்ந்திருப்பேன்... கையில் போன்கூட இல்லாமல். பைத்தியம்!

பிறகு ஒருநாள் அப்பாவும் நானும் பலாங்கொடைக்குச் சாமான் வாங்கப் போனோம். ஒரு கேக் கடையில் பணிஸ் கேட்டோம். உள்ளே நின்ற பெண் சிங்களத்தில் சொன்னாள்:

"அவன் எக தாம ரத் உணே நே. பொட்டக் இன்ன."

அவன் இன்னும் சூடாகவில்லையாம், கொஞ்சம் இருக்கட்டுமாம். கண்ணாடிக் கதவு வைத்த கரண்ட் அடுப்பு ஒன்றைக் காட்டினாள்; ஓவனைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து சிங்களம் பேசுகிற மனுஷன். "அட... அதுவா..." என்றார். பணிஸுக்குக் காத்திருக்கவில்லை. எதிர்க் கடையில் இரண்டு ஆப்பிள் வாங்கினார். பஸ்ஸில் வழி முழுக்க என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்து போனோடு பாறைக்கு ஏறினார், மணி அடித்ததும் எடுத்தார்.

"புள்ளைக்கு ஒன்னும் இல்லியேங்க? நல்லா இருக்காளா?" அம்மா ஓவென்று அழுதாள். மூன்று வாரமும் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள் பாவி.

"ஒன்னும் இல்ல. போன் பழுது" என்று அப்பா பொய் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "அவன் எப்பிடி இருக்கான்?" என்றார்.

"யாருங்க?"

"அதான்... ஆப்பிள் வைக்கிற பொட்டி."

அழுகையோடேயே சிரித்தாள் அம்மா. "ஆப்பிள நடுவுல கொடஞ்சி, சீனியும் கறுவாத் தூளும் பட்டரும் அடைச்சி வச்சா சரிங்க. இந்த வீட்டுல ஆறு பேரு, ஆறு வைப்பேன்."

"ஒனக்கு இல்லியாம்மா?" என்று நான் கத்தினேன்.

"எனக்கு மணம் போதும் பாப்பா."

வீட்டுக்கு வந்ததும் அலுமினியச் சட்டியில் மணல் பரப்பி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டு அப்பாவே சுட்டார். பட்டருக்குப் பதில் மாஜரின். ஒரு பக்கம் கருகல், மேலே சாம்பல்... எனக்கு அமிர்தமாக இருந்தது. அப்பா தன்னுடையதைத் தொடவில்லை. அடுப்புப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அப்பா இப்போது இல்லை. அம்மா திரும்பி வந்து தோட்டத்திலேயே இருக்கிறாள். நான் கொழும்பில், வேலையும் ஒரு வாடகை அறையுமாக. இங்கே சிக்னலுக்குக் குறைவில்லை, நாலு கோடும் நிற்கிறது. நாள் முழுக்க ஒரு கோல் வராது, அவ்வளவுதான்.

போன மாதம் சின்னதாக ஒரு அவன் வாங்கினேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஆப்பிளை உள்ளே வைத்துவிட்டு அம்மாவுக்கு எடுத்தேன்.

"அவன் பக்கத்துல நிக்கிறேம்மா."

அம்மா உடனே கேட்டாள்:

"எத்தன வச்ச?"

"ஒன்னு."

"ஒத்தையா வைக்காத பாப்பா... திங்க ஆளு இல்லாட்டியும் ரெண்டா வை."