ஹூஸ்டனில் நான் போடாத கையெழுத்து

1986 மார்ச்சில் நான் ஹூஸ்டன் போனது ஊர் பார்க்க அல்ல. அண்ணன் மூச்சு இயந்திரத்தில் கிடந்தான், சிறுநீரகமும் நின்றிருந்தது. அப்பாவின் சாவுக்குத் தந்தி மட்டும் அனுப்பியவன் அவன். ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. ஆனால் அண்ணி ஃபோனில், "உங்க வீட்டு ஆள் ஒருத்தர் சொல்லாம நான் எதுலயும் சைன் பண்ண மாட்டேன் தம்பி" என்றார். நம் குடும்பங்களில் கூட வாழ்ந்தவள் வாயை மூடிக்கொள்ள வேண்டும், இரத்த உறவுதான் பேச வேண்டும்.

நியூ ஜெர்சியில் நான் இருந்த மான்மவுத் ஜங்ஷனிலிருந்து நியூவர்க் விமான நிலையம் முப்பது மைல். காலை 7.10 விமானம், நான்கு மணி நேரம். ஹூஸ்டனில் ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி முப்பது டாலர்.

சிகிச்சை முடிவுகளில் குழம்பும் குடும்பங்களோடு பேச ஆஸ்பத்திரியில் வைத்திருந்த அறநெறிக் குழுவிலிருந்து ரபி, அதாவது யூத மதகுரு, வருவார் என்றார்கள். தாடிக்காரர் யாரையோ எதிர்பார்த்தேன். வெள்ளைக் கோட்டோடு ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். பத்து வருடம் டாக்டராக இருந்துவிட்டு ரபியானவராம். எனக்கு இரண்டு தொழில்மேலும் நம்பிக்கை கிடையாது.

"பேச முடிந்தால் அவர் என்ன சொல்வார்?" என்று கேட்டார்.

"தெரியாது. எனக்கு அவனைப் பிடிக்காது. இயந்திரத்தை நிறுத்துங்கள் என்றால், அதைச் சொன்னது நானா, என் கோபமா என்று எனக்கே தெரியாது."

"இங்க வந்து சொல்ற பேச்சா தம்பி இது?" என்றார் அண்ணி.

ரபி முகம் சுளிக்கவில்லை. "அப்படியானால் நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். அது குற்றமில்லை" என்று நாற்காலியை அண்ணி பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது.

டயாலிசிஸை ஆரம்பித்தால் பிறகு நிறுத்துவது பாவம் என்று அண்ணிக்குப் பயம். "அது சில மணி நேரம் ஓடித் தானாகவே முடிந்துவிடும். அடுத்தது வேண்டுமா என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கலாம். டாக்டராக யோசித்தாலும் ரபியாக யோசித்தாலும் எனக்கு இதுதான் வருகிறது" என்றார் ரபி.

"அப்ப மூணு தடவை பண்ணிப் பாக்கலாம்" என்று அண்ணியே கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு சிறுநீர் வந்தது. ஏழாம் நாள் தொண்டையில் இருந்த குழாயை எடுத்தார்கள். அண்ணன் கரகரத்தான்: "நீ எதுக்குடா வந்த?"

"ஜெர்சில குளிரு, அதான்" என்றேன். கோபம் போய்விடவில்லை. அதைக் காட்ட ஆள் இருக்கிறானே, அது போதும்.

இப்படிப் போக நேர்பவர்களுக்கு: டெக்சாஸ்தானே என்று ஸ்வெட்டரை விட்டுப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குள் ஏசி நடுக்கும். நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள். நோயாளியோடு மனஸ்தாபம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊர் திரும்பியதும் நான் மனைவியிடம், "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அண்ணனைக் கேக்காதே, நீயே முடிவு பண்ணு" என்றேன்.

"உங்களையே கேக்கறதில்ல. அவரை எதுக்குக் கேக்கப் போறேன்?" என்றாள்.