ஆப்பிரிக்காவுக்கு ஒரு பொதி முந்திரிக்கொத்து

அப்பா ஆப்பிரிக்காவில் இருந்தார். டாங்கனிகாவில் ஒரு குஜராத்திக்காரரின் துணிக்கடையில் வேலை. பம்பாய் போய்க் கப்பலேறியபோது எனக்கு நாலு வயது. அவர் முகம் எனக்குச் சரியாக நினைவில் இல்லை. அம்மாவுக்கு எல்லாம் நினைவிருந்தது. எட்டு மாதமாகக் காயிதம் வரவில்லை என்பதும்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, தக்கலைக்குப் பக்கத்தில் ராஜாக்கள் இருந்த பழைய கொட்டாரத்து மியூசியத்தில் ஆப்பிரிக்காக்காரர்கள் பாட்டும் ஆட்டமும் கதையும் நடத்தப்போகிறார்கள், பிள்ளைகளோடு எல்லாரும் வரலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். வீட்டில் வந்து சொன்னேன். என்ன பாட்டு, என்ன ஆட்டம் என்று அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கே முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்குச் சிறுபயறு வறுக்க அடுப்பை மூட்டினாள்.

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். ஒருவர் கொழும்புக்குப் போனால் ஐந்து வீட்டுப் பொதி அவர் கையில் இருக்கும். அந்த ஆப்பிரிக்காக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது அப்பாவுக்கும் கொடுத்துவிடலாம் என்று அம்மா நினைத்தாள்.

முந்திரிக்கொத்தை வாழைச்சருகில் பொதிந்து, சணல் சுற்றி, பூதப்பாண்டியில் பஸ் ஏறினோம். நாகர்கோவிலில் வேறு பஸ் மாறினோம். பொதி அம்மா கையைவிட்டு இறங்கவில்லை.

கொட்டார முற்றத்தில் பாய் விரித்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒருத்தி மோந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, ஆட்டம் பாக்க வந்தியளா, சீரு கொண்டு வந்தியளா?" என்றாள். அம்மா சேலைத் தலைப்பால் பொதியை மூடிக்கொண்டாள்.

வந்தவர்கள் நாலு பேர், சென்னையில் படிக்கிற இளவட்டங்கள். ஒருவர் நீளமான மேளத்தை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு அடித்தார். இரண்டு பேர் ஆடினார்கள். தோள் தனியாக, கால் தனியாக ஆடியது. சின்னப் பிள்ளைகள் எழுந்து போய்க் கூட ஆடின. எனக்கும் கால் துறுதுறுத்தது. வெட்கத்தில் எழுந்திருக்கவில்லை.

பிறகு நெட்டையான ஒருவர் யானையை ஏமாற்றிய முயலின் கதை சொன்னார். ஒரு வாத்தியார் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். நடுநடுவே நெட்டையானவர் ஒரு சொல்லைக் கூவுவார். நாங்கள் பதிலுக்குக் கூவினால்தான் கதை நகரும். நான் வாய்க்குள்ளேயே கூவினேன். அம்மா கதை கேட்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தினமும் காண்கிற முகங்கள் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

எல்லாம் முடிந்ததும், "போய்க் கேளுட்டி, நீ பள்ளிக்கூடம் போறவதானே" என்று என்னைத் தள்ளினாள். நான் அவள் சேலைக்குப் பின்னால் ஒதுங்கினேன். கடைசியில் அம்மாவே வாத்தியாரிடம் பேசினாள்.

"இவ அப்பா அங்கதான் இருக்காவ. இதை அவியகிட்ட சேத்துரச் சொல்லுங்க சார். ஒரு காயிதம் போடச் சொல்லணும்."

வாத்தியார் அப்பா இருக்கும் ஊரைக் கேட்டு நெட்டையானவரிடம் சொன்னார். அவர் தன் உள்ளங்கையை விரித்து, பெருவிரல் ஓரத்தையும் சுண்டுவிரல் ஓரத்தையும் தொட்டுக் காட்டினார்.

"இவரு ஊரு மேக்குக் கடலோரம். ஒங்க வீட்டுக்காரரு இருக்கது கெழக்குக் கடலோரம். அந்தப் பக்கத்தை இவரு கண்டதே இல்லியாம். படிப்பு முடிஞ்சு இவரு வீட்டுக்குப் போவவே இன்னும் மூணு வருசம் ஆவும்" என்றார் வாத்தியார்.

அம்மா அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எல்லாம் ஒரே ஊருன்னுல்லா நெனச்சேன்" என்றாள். பிறகு, "மூணு வருசமா. அம்மைக்குக் காயிதம் போடுதாராமா?" என்று கேட்டாள்.

வாத்தியார் அதைக் கேட்டதும், நெட்டையானவர் தரையைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மா அங்கேயே உட்கார்ந்து பொதியைப் பிரித்தாள். பாதியை ஒரு சருகில் வைத்து நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, ஒன்றை அப்போதே கடித்தார். "இன்னைக்கே எழுதிப் போடச் சொல்லுங்க சார்" என்றாள் அம்மா. மீதியை மறுபடியும் சணல் சுற்றிக் கட்டினாள்.

"அது என்னத்துக்கும்மா?" என்றார் வாத்தியார்.

"கெழக்குப் பக்கத்து ஆளு ஒருத்தரு வராமலா போவாவ?"

திரும்பும் பஸ்ஸில் பொதி அவள் மடியில் இருந்தது. எனக்குப் பசித்தது. நான் கேட்கவில்லை.