ஆளுக்கொரு போல்ட் கொடுத்த அஞ்சலை அக்கா

கள்ளக்குறிச்சியில் என் கடைக்கு வந்திருந்த டிராக்டர்காரர் ஒருவரிடம் டயருக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் செல்வியின் போன் வந்தது. அஞ்சலை அக்காவின் ஒரே மகள் அவள்.

"அம்மா போயிடுச்சிண்ணே. வெடிகாலையில நெஞ்சு வலிக்குதுன்னுச்சி. வண்டிய எடுக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி." பிறகு அவளே சொன்னாள்: "கையில இருக்கற வியாபாரத்த முடிச்சிட்டே வாங்க. கடைய மூடிட்டு ஓடியாந்தீங்கன்னா அம்மாவுக்குப் புடிக்காது."

என் முகத்தைப் பார்த்த டிராக்டர்காரர் யார் என்று கேட்டார். சொன்னேன். "கச்சிராயபாளையம் ஜீப் அஞ்சலையா? போன மாசம்கூட என்னை ரோட்டுல நிறுத்தி, பின்சக்கரத்துல காத்து கம்மி, கண்ணு தெரியலயான்னு கேட்டுட்டுப் போச்சே" என்றார். பிறகு நான் சொன்ன விலையை அப்படியே கொடுத்து டயரை எடுத்துக்கொண்டு போனார். அக்கா பக்கத்தில் இருந்திருந்தால் அப்படி நடக்க விட்டிருக்க மாட்டார்.

அஞ்சலை அக்காவை அறிந்தவர்கள் பலருக்கும் அவர் ஒரு டிரைவர். எனக்கு அவர் வாடிக்கையாளர். என் கடையில் இத்தனை வருடங்களில் என்னை ஏமாற்ற விடாத வாடிக்கையாளர் என்று சிலரைச் சொல்லலாம். ஏமாற்ற நினைத்ததற்காக என்னை வெட்கப்பட வைத்தவர் அவர் ஒருவர்தான்.

கூலிக்குக் கரும்பு வெட்டிய குடும்பம் அவருடையது. வெட்டப் போன இடத்தில் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டார். பல வருடம் சேர்த்து ஒரு ஒப்பந்தக்காரரிடம் பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. கல்வராயன் மலையில் தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து புளியம்பாறை என்கிற ஊர் வரை ஆறு கிலோமீட்டர் செம்மண் சரிவு. மற்ற ஜீப்காரர்கள் தார் முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். அக்கா மட்டும் மேலே போவார். ஆட்கள், மரவள்ளிக் கிழங்கு மூட்டை, கோழிக்கூடை எல்லாம் அதில்தான் ஏறி இறங்கும்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் அந்தச் சரிவில் வண்டி சறுக்கியது. சேற்றில் ஏறுவதற்காக டயரில் காற்றைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள். காற்றுக் குறைந்தால் டயர் வயிறு பரப்பிக்கொண்டு மண்ணைப் பிடிக்கும். ஆனால் ரிம்மின் மேல் அதன் பிடி தளர்ந்துபோகும். அன்று ஒரு வளைவில் பின் டயர் ரிம்மை விட்டே கழன்றது. ட்யூப் வால்வோடு பிய்ந்தது. ஜீப் பின்னோக்கி வழுக்கி ஒரு பலா மரத்தில் முட்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை. பொன்னுசாமி என்கிற விவசாயியின் நான்கு கோழிகள்தான் கூடை கவிழ்ந்து காட்டுக்குள் போய்விட்டன.

அடுத்த நாள் முதல் அந்த ஊரில் யாரும் ஜீப்பில் ஏறவில்லை. அந்தச் சேற்றில் பைக்கும் ஏறாது; கிழங்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆறு கிலோமீட்டர் நடந்தார்கள். அக்கா காலி வண்டியோடு தார் முனையில் நிற்பார். அவர்கள் பக்கத்திலேயே நடந்து போவார்களாம். "இன்னாக்கா, சௌக்கியமா" என்று கேட்டுக்கொண்டே.

அந்த வாரம்தான் என் கடைக்கு வந்தார். "மொதலாளி, டயரு ரிம்ம வுட்டுக் கழலாம இருக்க ஒரு வளையம் இருக்காமே. அதக் காட்டு. ஐப்பசி மழைக்குள்ள ஜனம் ஏறலன்னா வண்டிய வித்துட்டு நான் மறுபடியும் கரும்பு வெட்டத்தான் போவணும்."

அவர் கேட்டது பீட்லாக் வளையம். டயரின் கம்பி வைத்த ஓரத்துக்கு பீட் என்று பெயர். ரிம்மின் மேல் ஒரு வளையத்தை வெல்டு வைத்து, அதன் மேல் டயரின் ஓரத்தை உட்கார வைத்து, வெளியே இன்னொரு வளையத்தை வைத்துச் சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கினால், காற்று எவ்வளவு குறைந்தாலும் டயர் நகராது. அப்போது நான் கோயம்புத்தூரிலிருந்து பளபளவென்று சிவப்பும் மஞ்சளுமாக அலுமினிய வளையங்கள் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தேன். அவசரப்பட்டு வாங்கியவை. விற்காமல் கிடந்தன. இந்த அம்மாவுக்கு என்ன தெரியப்போகிறது, தலையில் கட்டிவிடலாம் என்றுதான் எடுத்து வைத்தேன். மறைக்க ஒன்றுமில்லை.

"மெட்ராஸ்காரங்க எல்லாம் இதத்தான் வாங்கறாங்கக்கா."

"அவங்க இன்னா, மாட்டிக்கினு பீச்சுல நிறுத்திப் போட்டோ புடிப்பாங்க." ஒரு வளையத்தைத் தூக்கிப் பார்த்தார். "இதுக்கு எந்த ஸ்பானரு?"

"ஸ்பானர் இல்லக்கா. போல்ட் தலையில குழி இருக்கு பாருங்க. இதுக்கு ஆலன் கீ. ஒண்ணு கூடவே தருவேன்."

"தொலைஞ்சா?"

"கடைக்கு வாங்க, இன்னொண்ணு தரேன்."

"மேல இருந்து எப்டி வர்றது? சக்கரத்தத் தலையில வச்சிக்கினா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. வெளியே போய்த் தன் ஜீப்பின் மட்கார்டுக்கு அடியிலிருந்து ஒரு பிடி ஈரச் செம்மண்ணைச் சுரண்டிக்கொண்டு வந்தார். கண்காட்சிக்கு மாட்டி வைத்திருந்த வளையத்தின் போல்ட் தலைகளில் அதை அப்பி, கட்டை விரலால் குழிக்குள் திணித்தார். "இப்பக் கழட்டு" என்றார்.

ஊக்கு வைத்துத் தோண்டினேன். பிறகு ஆணி. பிறகு கம்பி. ஒரு போல்ட்டைச் சுத்தம் பண்ணிக் கீயை உள்ளே நுழைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. சேறு காய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கேட்கவில்லை. நானே நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் பின்னால் கிடந்த கறுப்பு வளையங்களை எடுத்தோம். தடித்த இரும்புத் தகட்டில் வெட்டியது. பார்க்க ஒரு லட்சணமும் கிடையாது. வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் சாதாரண அறுகோணத் தலை போல்ட், சக்கரத்துக்கு இருபத்து நாலு. பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானர் போதும். "கனம் ஜாஸ்திக்கா. ஸ்டியரிங் கொஞ்சம் இழுக்கும், டீசலும் கொஞ்சம் ஜாஸ்தி குடிக்கும்" என்று இந்த முறை உள்ளதைச் சொன்னேன்.

"குடிக்கட்டும். பைக்கு வச்சிருக்கறவன் வூட்ல எல்லாம் பதிமூணு ஸ்பானர் இருக்கும். அந்த ஊர்ல பைக்கு இல்லாத வூடு கம்மி." அவர் தேர்ந்தெடுத்த முறை அவ்வளவுதான். எந்த வளையம் உயர்ந்தது என்று பார்க்கவில்லை. தான் நிற்கப்போகும் இடத்தில் யார் கையில் என்ன இருக்கும் என்று பார்த்தார். இருபது வருடம் வியாபாரம் செய்த எனக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றியதே இல்லை.

விலையில் மட்டும் என்னைக் கசக்கிப் பிழிந்தார். மூன்று நாள் வெல்டர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ரிம் கோணாமல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வெல்டர் என்னிடம் வந்து, "அந்தம்மா இன்னும் ஒருநாள் இருந்தா நான் லீவு போட்டுடுவேன்" என்றான். பிடிவாதக்காரர்தான். அதைச் சொல்லாமல் விட்டால் அவரை அறிந்தவர்கள் நான் வேறு யாரையோ பற்றி எழுதுவதாக நினைப்பார்கள்.

வளையம் மாட்டிய ஜீப் தார் முனையில் போய் நின்றது. அப்போதும் யாரும் ஏறவில்லை.

பத்து நாள் கழித்து, வளைந்துபோன ஒரு வளையத்தோடு அக்கா கடைக்கு வந்தார். அப்பளம் போல அலை அலையாக இருந்தது. இரண்டு போல்ட்டுகளுக்கு மரையே இல்லை.

"யாருக்கா இத இப்டி முறுக்கினது?"

"ஊரே முறுக்கிச்சி."

நடந்தது இதுதான். வெறுமனே நின்று நின்று வெறுத்துப்போய், "நம்பிக்கை இல்லன்னா நீங்களே முறுக்கிப் பாருங்களேன்" என்று அக்கா அவர்களைக் கூப்பிட்டிருக்கிறார். ஆளாளுக்குப் பைக் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். யாருக்குப் பலம் அதிகம் என்பதில் போட்டி. கோழியைப் பறிகொடுத்த பொன்னுசாமி ஸ்பானர் மேல் காலை வைத்து ஏறி நின்றே மிதித்திருக்கிறார். ஒரு பக்கமே எல்லோரும் இறுக்கியதில் வளையம் கோணிவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. "யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்கக்கா. இது சைக்கிள் செயின் இல்ல."

அக்கா டீயைக் குடித்து முடித்தார். "தம்பி, மூணு வாரமா வண்டிய ஒதுங்கிப் போனவங்க. ஸ்பானர் கையில இருந்தப்பதான் கிட்ட வந்து நின்னாங்க. அத நான் எப்டிப் புடுங்கறது? முறுக்கத் தெரியலன்னா தெரிய வைக்கணும். நீ ஒரு வழி சொல்லு."

அவர் என்னைத் தம்பி என்றது அன்றுதான். மொதலாளி என்றால் கிண்டல் என்று பொருள். தம்பி என்றால் காரியம் ஆக வேண்டும் என்று பொருள்.

இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். புது வளையம் மாட்டி, ஒவ்வொரு போல்ட்டின் பக்கத்திலும் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதினேன். ஒன்றுக்கு நேர் எதிரே இரண்டு, குறுக்கே மூன்று, அதற்கு எதிரே நான்கு. அந்த வரிசையில் முறுக்கினால் வளையம் கோணாது. ஸ்பானர்களை உள்ளங்கை நீளத்துக்கு நறுக்கிக் கொடுத்தேன். அதில் காலை வைக்க முடியாது, பைப் மாட்ட முடியாது. கையால் எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவுதான். டயரில் காற்று இருக்கும்போது இறுக்கலாம், ஒருபோதும் கழற்றக் கூடாது, வளையம் தெறித்து அடிக்கும் என்று மட்டும் நான்கு தடவை சொல்லி அனுப்பினேன். அக்கா அதையும் கதவில் எழுதி வைத்தார்: காத்து இருக்கும்போது போல்ட்ட கழட்டாதே, மூஞ்சி இருக்காது.

பிறகு ஊரில் ஆளுக்கொரு எண் கொடுத்தார். ஏழு என்றால் நான்கு சக்கரத்திலும் ஏழாம் போல்ட் அவருடையது. தார் முனையில் எல்லோரும் இறங்குவார்கள். அக்கா முப்பது பாயிண்ட் காற்றைப் பன்னிரண்டுக்கு இறக்குவார். எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் வந்து தன் போல்ட்டை இறுக்கிப் பார்த்துவிட்டு ஏறி உட்காருவார். வராதவர் எண்ணைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்.

"ஒம்போது, இன்னா தடவிக்கினு கீற? பொண்ணு பாக்க வந்தியா?" என்று அவர் கத்துவதையும், "என் போல்ட்டுல துரு ஏறுது, உன் போல்ட்ட எனக்குக் குடுக்கா" என்று யாரோ கெஞ்சுவதையும் அந்த வழியாகப் போனவர்கள் வந்து சொல்வார்கள். பொன்னுசாமிக்கு நான்காம் எண். சக்கரம் கழன்றால் நாலாம் நம்பர்தான் பொறுப்பு என்று ஊரே அவரை மிரட்டி வைத்திருந்ததாம்.

ஐப்பசி மழையில் வண்டி நிறைந்து ஓடியது. அதற்குப் பிறகு அந்த ஜீப் காலியாக மேலே போனதில்லை. இரும்பு வளையம் டயரைப் பிடித்தது. ஜனத்தைப் பிடித்தது நறுக்கிக் கொடுத்த அந்த அரை ஸ்பானர்தான். தன் கையால் இறுக்கிய சக்கரத்தின் மேல் உட்காருகிறவனுக்கு அடுத்தவன் தைரியம் சொல்ல வேண்டியதில்லை. "நான் ஏத்திக்கினு போறேன்னா பயப்படுவாங்க. அவங்களே போறாங்கன்னா பயம் இல்ல" என்பார் அக்கா.

ஒன்றை மட்டும் நான் இதுவரை சொல்லவில்லை. அந்த வளையங்களை விற்று ஆறு வருடம் ஆகியும், அந்தச் சரிவில் அந்த ஜீப்பில் நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அக்கா கூப்பிடாமல் இல்லை. கடையில் ஆள் இல்லை, மூட்டு வலி, மருமகன் வருகிறார் என்று ஏதாவது சொல்லித் தப்பிப்பேன். உண்மையில் பயம். எந்தப் பொருள் எங்கே கைவிடும் என்பது வாங்குகிறவனைவிட விற்கிறவனுக்கு நன்றாகத் தெரியும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மலையிலிருந்து வந்தவர்களைத் திருப்பிக் கொண்டுபோய் விட, செல்வி வண்டியை எடுத்தாள். அம்மா இல்லாமல் அவள் அந்தச் சரிவில் ஏற்றுவது அதுதான் முதல் தடவை. ஜனம் ஏறுமா என்ற கவலை அவள் முகத்தில் இருந்தது. பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாமல் நானும் தார் முனை வரைக்கும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன்.

தார் முடிந்ததும் யாரும் சொல்லாமலே இறங்கினார்கள். செல்வி காற்றை இறக்கினாள். எண்களைக் கூப்பிட்டாள். குரல் கொஞ்சம் தடுமாறினாலும் வரிசை தடுமாறவில்லை. இருபத்து மூன்று முடிந்ததும் எல்லோரும் அப்படியே நின்றார்கள். இருபத்து நாலு அக்காவுடையதாம். எல்லோரும் முடித்த பிறகு கடைசியாக அவர் இறுக்குவாராம்.

"நான் பாக்கறேன்" என்று செல்வி குனிந்தாள்.

பொன்னுசாமி தடுத்தார். "நீ ஓட்டறவ. ஒனக்கு ஸ்டியரிங் இருக்கு. இவருதான வித்தாரு, இவரு முறுக்கட்டும்." அரை ஸ்பானரை என் கையில் வைத்தார்.

நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து நான்கு போல்ட்டை இறுக்கினேன். பின்னாலிருந்து ஒரு அம்மாள், "ரெண்டு ரெண்டு தடவ முறுக்கிப் பாக்கறாரு மொதலாளி" என்றார். சிரித்தார்கள். பிறகு எல்லோரும் ஏறினார்கள், ஒருவர்கூடப் பின்வாங்காமல். முன் சீட்டில் ஒரு இடத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

ஏறினேன். ஆறு கிலோமீட்டரும் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. செல்வி நன்றாகத்தான் ஓட்டினாள். மேலே போய் இறங்கியபோது பொன்னுசாமி சொன்னார்: "இருபத்தி நாலு இனிமே ஒங்களுது. வராத நாளைக்கு நான் பாத்துக்கறேன். ஆனா வரணும்."

அஞ்சலை அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த எண்தான். இறுக்கிவிட்டுக் கடைக்குத் திரும்பிவிடக் கூடிய எண் இல்லை அது. இறுக்கினால் ஏறி உட்கார வேண்டும்.