கும்பல் பறக்கும் உயரம்

சனிக்கிழமை காலை என்றால் எனக்கு விமானம் ஓட்டும் நேரம். நிஜ விமானம் இல்லை, இணையத்தில் ஆடும் விளையாட்டு. பழைய உலகப் போர்க் காலத்து விமானங்கள், இரண்டு அணிகள், ஒவ்வொரு விமானத்துக்குள்ளும் உலகத்தில் எங்கேயோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். காலேஜ் ஹாஸ்டலில் பிடித்த பைத்தியம் அது. அமீரகத்தின் புஜைராவில் எண்ணெய் டேங்குகளின் மீட்டர்களைச் சரிபார்க்கும் வேலைக்கு வந்தபோது, பெட்டியில் ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் நடுவே ஜாய்ஸ்டிக்கைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தேன். ரூமில் இரண்டு கட்டிலும் அலமாரியும் போக மேசைக்கு இடமில்லை. இஸ்திரி பலகையை விரித்து அதன் மேல் ஜாய்ஸ்டிக்கை வைப்பேன். வேகமாகத் திரும்பினால் பலகையும் கூடவே திரும்பும்.

என்னோடு ஜோடியாகப் பறந்தவன் சவூதியில், அல் கோபாரில் இருந்தான். வால்வு செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. திருநெல்வேலிக்காரன், என் வயதுதான். நேரில் பார்த்ததே கிடையாது. ஒருநாள் அணியின் அரட்டைப் பெட்டியில் ஆங்கில எழுத்துகளில் ஒரு வரி ஓடியது: "ஏலே, பொறத்தால நிக்கான்லே!" யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் தனக்குத்தானே புலம்பியிருக்கிறான். எனக்குக் கை பறந்தது. "இடது பக்கம் திருப்பு மச்சி, நான் வர்றேன்!" என்று தட்டினேன். தட்டிய அவசரத்தில் என் விமானம் மலையில் மோதிவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் ஜோடி.

எனக்குச் சனி, ஞாயிறு லீவு. சவூதியில் அவனுக்கு வெள்ளி, சனி. இரண்டு நாட்டுக்கும் பொதுவாக மிஞ்சுவது ஒரு சனிக்கிழமை.

இந்த விளையாட்டில் உயரம்தான் பலம். மேலே இருப்பவன் நினைத்த நேரத்தில் பாயலாம், பாய்ந்த வேகத்திலேயே மறுபடி மேலே போய்விடலாம். கீழே இருப்பவன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் பழைய ஆட்டக்காரர்கள் புறப்பட்டதும் சண்டைக்கு ஓடமாட்டார்கள். எதிர்த்திசையில் ஒதுங்கிப் போய், இன்ஜின் சூடேறாமல், மெதுவாக ஏறுவார்கள். புதிதாக வருபவர்களுக்கு இந்த ஏற்றம் சுத்த அலுப்பு. எங்களுக்கு அதுதான் சந்திப்பு. இங்கே மெசேஜ் ஆப்களில் குரல் அழைப்பு போகாது. விளையாட்டுக்குள் இருக்கும் பேச்சு வசதி மட்டும் எப்படியோ வேலை செய்தது. ஆகவே ஏறிக்கொண்டே பேசுவோம்.

"என்னலே சாப்ட்ட?"

"உப்புமா."

"போன வாரமும் உப்புமான்னுதான சொன்ன?"

"அதுல மிச்சமில்லடா, இது புதுசு."

"நல்லவேள."

இதுதான் எங்கள் பேச்சின் லட்சணம். ஆனால் வாரம் முழுக்க நான் சைட்டில் இந்தியில் "பாய், ஜல்தி, வால்வ் பந்த் கரோ" என்று கத்துவேன், ஆபீசில் ஆங்கிலத்தில் ஈமெயில் எழுதுவேன், ரூம்மேட்டுக்கு நைட் டியூட்டி என்பதால் அவரைத் தூங்கும் முதுகாக மட்டும் பார்ப்பேன். அம்மாவிடம் பேசினால் "நல்லா இருக்கேம்மா" என்பதைத் தாண்டாது. யாரையும் சமாதானப்படுத்த வேண்டியில்லாத தமிழை அந்த ஏற்றத்தில் மட்டுமே பேசினேன். சலிப்பையும் சொல்லலாம், சும்மாவும் இருக்கலாம். மேகத்துக்கு மேலே வந்ததும் அவன் பெருமூச்சு விடுவது ஹெட்போனில் கேட்கும்.

மேலே வந்தால் சண்டைக்கு ஒரு மரியாதை உண்டு. எதிரி ஒற்றையாக வந்தால் இறக்கைகளை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டுவோம். நீயும் நானும் மட்டும் என்று பொருள். அவனும் ஆட்டினால் ஜோடிக்காரன் விலகி வட்டமடித்து வேடிக்கை பார்ப்பான், தலையிடமாட்டான். எந்த விதிமுறையிலும் இது எழுதப்படவில்லை. தோற்றவனே அரட்டையில் ஜெயித்தவனைப் பாராட்டுவான்.

அப்புறம் கும்பல் வந்தது. பெயருக்கு முன்னால் ஒரே பட்டப்பெயர் ஒட்டிய எட்டுப் பத்துப் பேர். ஏறவே மாட்டார்கள். மரத்தைத் தொடும் உயரத்தில் ஒட்டிக்கொண்டே திரிவார்கள். தனியாக எவன் மாட்டினாலும் அத்தனை பேரும் அவன் மேல் விழுவார்கள். எத்தனை குண்டு வீணானாலும் கவலையில்லை, தங்களுக்குள் மோதிச் செத்தாலும் கவலையில்லை. நான் ஒருவனோடு அழகாக ஒரு சண்டையைக் கட்டிக்கொண்டு வருவேன். அவன் நைசாக என்னைக் கீழே இழுத்துப்போவான். கீழே மொத்தப் பட்டாளமும் காத்திருக்கும். ஒருமுறை இறக்கையை ஆட்டினேன். எட்டுப் பேரும் பதிலுக்கு ஆட்டினார்கள். சுட்டுத் தள்ளிவிட்டார்கள்.

"கல்யாண வீட்டு ஐஸ்கிரீம் ஸ்டால்ல நிக்க மாதிரி நிக்கானுவ பாரு. ஒருத்தனுக்காவது ஓட்டத் தெரியுமாலே?"

"தெரிய வேண்டாமேடா. எட்டுப் பேர் சுட்டா ஏதாச்சும் ஒண்ணு படும்."

"இதுக்கு எதுக்குலே வருசக்கணக்கா பழகினோம்?"

எனக்குக் கோபம் வந்தால் எழுதிவிடுவேன். விளையாட்டின் கருத்துக்களத்தில், படம் எல்லாம் வரைந்து, அணிகளை எப்படிச் சமன்செய்யலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு நீண்ட கட்டுரை போட்டேன். பழைய ஆட்டக்காரர்கள் சிலர் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார்கள். கும்பல்காரன் ஒருவன் பதில் போட்டான்: "போய் நண்பர்களைச் சேர்த்துக்கொள், அங்கிள்." எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

என் ஜோடிக்காரனிடம் அதைப் படித்துக் காட்டினேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எனக்கு வெறுத்துப்போச்சுலே. அரை மணி நேரம் ஏறணும், அரை நிமிசத்துல சாவணும். விட்டுரலாம்னு இருக்கேன்."

விளையாட்டு போனால் போகட்டும். ஆனால் விளையாட்டு இல்லாமல் நாங்கள் எதைச் சாக்கிட்டுப் பேசுவோம்? மெசேஜ் அனுப்பலாம்தான். அனுப்பியும் பார்த்திருக்கிறேன். "சாப்டியா" என்று கேட்டால் அவன் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புவான். "அவனுகளுக்கு அலுத்துரும்டா, ரெண்டு வாரம் பொறு" என்று கெஞ்சினேன். அடுத்த சனிக்கிழமைக்கு அவனைத் தக்கவைக்க வேண்டும் என்று, கும்பலை மேலே இழுத்துத் தனித்தனியாகப் பிரிக்கும் திட்டம் ஒன்றை வாரம் முழுக்க யோசித்தேன். சைட்டில் டேங்க் மேல் நிற்கும்போதுகூட மனதுக்குள் கோணம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் என் அணியில் இல்லை. எதிரணிப் பட்டியலில் இருந்தான். பெயருக்கு முன்னால் கும்பலின் பட்டப்பெயர்.

வேறு யாரோ அவன் பெயரை வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் விளையாட்டுக்குள்ளிருந்து அவனே அழைத்தான்.

"கோவப்படாதலே."

"எப்படா சேர்ந்த?"

"நேத்து. வெள்ளிக்கிழமை ரூம்ல ஒத்தையில கெடந்தேன். ஒனக்கு டியூட்டி. சும்மா உள்ள வந்தேன், அவனுவ சுட்டானுவ. திட்டலாம்னு அவனுவ பேசுத சேனலுக்குள்ள போனேன். போனா, சிரிச்சிட்டுக் கெடக்கானுவ. ஒருத்தன் பிரியாணி வைக்கான், ஒருத்தன் பாட்டுப் பாடுதான். எல்லாம் நம்மள மாதிரி ரூம்ல கெடக்க பயலுவதான். தம்மாம்ல ஒருத்தன், மஸ்கட்ல ஒருத்தன். உக்காருன்னானுவ, உக்காந்துட்டேன்."

"ஓட்டவே தெரியாத பசங்கடா அவனுக."

"ஆமா, தெரியாது. நீயும் வாயேன். நல்லாத்தான் இருக்கு."

மாட்டேன் என்று சொல்லவேண்டியவன்தான் நான். படம் வரைந்து கட்டுரை போட்டவன். ஆனால் மாட்டேன் என்றால் அன்றைய சனிக்கிழமையில் மீதி என்ன இருக்கிறது? பட்டப்பெயரை ஒட்டிக்கொண்டு போனேன்.

சேனலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இந்தி, உருது, நடுவில் ஆங்கிலம். "யல்லா யல்லா, சீக்கிரம், ஒருத்தன் மாட்டினான்!" மலையோரமாக ஒரு விமானம் எதிர்த்திசையில் ஒதுங்கி, இன்ஜின் சூடேறாமல், மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. பார்த்ததுமே ஆள் பழையவன் என்று தெரிந்தது. இன்னும் உயரம் சேரவில்லை அவனுக்கு. எங்கள் கூட்டத்தைக் கண்டதும் இறக்கைகளை ஆட்டினான். நான் பதிலுக்கு ஆட்டினேன். அதற்குள் மற்றவர்கள் என்னைத் தாண்டி அவன் மேல் பாய்ந்து முடித்துவிட்டார்கள். சேனலில் ஒரே கூச்சல். என் நண்பன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அவ்வளவு சிரிப்பு அவனிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஆட்டத்தில் கேட்டேன்: "மச்சி, ஒரு தடவ மேல போலாமா? நாம ரெண்டு பேரும்."

"லேட்டாவும்லே. பயலுவ காத்துட்டு நிக்கானுவ. நீ ஏறு, நாங்க கீழ நிக்கோம்."

ஏறினேன். மேகத்துக்குள் போகும்போது அவன் அவர்களிடம் உடைந்த இந்தியில் ஏதோ கதை சொல்லத் தொடங்கினான். லீவு கிடைத்துவிட்டதாம், அடுத்த மாதம் ஊருக்குப் போகிறானாம், பெண் பார்த்திருக்கிறார்களாம், போட்டோவில் பெண் முறைத்துக்கொண்டிருக்கிறாளாம். எல்லோரும் "முபாரக் பாய், முபாரக்" என்று வாழ்த்திக் கத்தினார்கள். ஒருவன் ட்ரீட் எங்கே என்றான். நானும் பேசும் பொத்தானை அழுத்தி, மற்றவர்களைப் போலவே, "முபாரக்" என்றேன்.

"தேங்க்யூ பாய், தேங்க்யூ" என்றான் எல்லோருக்கும் பொதுவாக.

கீழே யாரோ தனியாக மாட்டியிருக்க வேண்டும். சத்தம் மறுபடி எழுந்தது. நான் ஹெட்போனில் ஒலியைக் குறைத்துக்கொண்டு, இன்ஜின் சூட்டைப் பார்த்துப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தேன்.