புளியமரத்துக்கு இந்தப் பக்கம்

சாலைக்குக் குறுக்கே வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்த புளியமரத்தில் இலைகள் இன்னும் வாடவில்லை. ஜீப்பின் கண்ணாடி வழியே முதலில் அதைத்தான் பார்த்தேன். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் முழுக்க மறியல் நடந்துகொண்டிருந்த வாரம் அது. கல்வராயன் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்சாகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பின் இருக்கையில் ஒரு மலைக்காரப் பெண் என் மடியில் தலைவைத்துக் கிடந்தாள். இரண்டு நாள் வலி. போர்வையில் தூளி கட்டி அவள் கணவரும் ஊராரும் மலையிலிருந்து தூக்கி வந்திருந்தார்கள். குழந்தையின் கை மட்டும் வெளியே வந்திருந்தது. கள்ளக்குறிச்சிக்குப் போய் அறுவை சிகிச்சை செய்தால்தான் தாயாவது பிழைப்பாள்.

ஜீப்பை ஓட்டியவரை எல்லாரும் டிரைவர் அண்ணன் என்றே கூப்பிடுவோம். மறியல் செய்தவர்களும் அவரும் ஒரே சாதி. அவர்கள் கேட்பது நியாயம்தான் என்று அன்று காலைகூடச் சொன்னார், பி.ஏ. படித்த அவருடைய தங்கை மகன் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தான். மரத்தருகே நின்ற இளைஞர்களிடம் இறங்கிப்போய்ப் பேசினார். ஒருவன் வந்து ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தான். அந்தச் சின்னக் கையைக் கண்டதும் அவன் முகம் மாறிவிட்டது. வெட்டி வழி விடுகிறோம் என்றான். அவர்களிடம் இருந்த கோடாலிகளில் ஒன்றை அண்ணன் வாங்கிக்கொண்டார்.

பாதி மரம் வெட்டுப்பட்டிருக்கும். போலீஸ் வண்டியின் சத்தம் கேட்டதும் இளைஞர்கள் கரும்புக்குள் ஓடிவிட்டார்கள். அண்ணன் ஓடவில்லை. அவர் எதற்கு ஓட வேண்டும்? வெட்டிக்கொண்டே இருந்தார்.

"உள்ள பிரசவக் கேசுங்க. வழி பண்ணிக்கினு இருக்கேன்" என்றார்.

போலீஸ் அதிகாரி கேட்டது ஒன்றுதான், எந்தச் சாதி என்று. அண்ணன் மறைக்காமல் சொன்னார். முதல் அடி முழங்கையில் விழுந்தது. ஜீப்பிலிருந்து இறங்கிக் கும்பிட்டபடி ஓடிய அவள் கணவரைத் தள்ளிவிட்டார்கள். நான் இறங்கிப் போயிருக்க வேண்டும். அவள் தலை என் மடியில் இருந்தது உண்மை. நான் பயந்துபோயிருந்ததும் உண்மை. வேறு டிரைவர் வருவார் என்று சொல்லிவிட்டு அண்ணனை ஏற்றிக்கொண்டு போனார்கள். யாரும் வரவில்லை. உச்சிவெயிலில் அவள் உயிர் போயிற்று.

மரம் வெட்டி மறியல் செய்ததாக அண்ணன்மேல் வழக்குப் போட்டார்கள். வேலையும் நின்றது. எங்கள் சுகாதாரத்துறை மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்ததால் வெளியே நடந்தது எதையும் பார்க்கவில்லை என்று எழுதிய தாளை நீட்டினார். எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை என்பதையும் நினைவுபடுத்தினார். கையெழுத்துப் போட்டேன்.

வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. இறந்தவளின் கணவர், எழுதப் படிக்கத் தெரியாத அந்த மலைக்காரர், ஒவ்வொரு வாய்தாவுக்கும் நடந்தே இறங்கி வந்தாராம். கடைசியில் கூண்டில் ஏறி, தன் மனைவிக்காகத்தான் அவர் மரம் வெட்டினார் என்று சொன்ன பிறகே விடுதலை கிடைத்தது. அண்ணனுடைய முழங்கை அதற்குப் பிறகு நிமிரவில்லை. வண்டியும் ஓட்டவில்லை.

நாடு தோற்றுவிட்டதா என்று இன்று தொலைக்காட்சியில் வாதம் செய்கிறார்கள். படித்தவனுக்கு வேலை இல்லை, மலைக்கு ரோடு இல்லை என்று அடுக்குகிறார்கள். மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் சொல்லும் நாடு எங்கோ தூரத்தில் இருக்கிறது. நான் அறிந்த நாடு அன்று ஜீப்புக்குள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் அண்ணனைப் பார்த்தேன். நன்றாகத் தளர்ந்திருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், நாடே கெட்டுப்போய்விட்டது என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"அன்னிக்கி நீங்க பாத்தீங்கதானே, சிஸ்டர்?" என்றார்.

"பார்த்தேன்ணே."

"அத்த கோர்ட்டுல வந்து சொல்லி இருக்கலாம்."

குரலில் கோபம் இல்லை. பேருந்து வந்தது. மடங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மறுகையால் கம்பியைப் பற்றி ஏறிப்போனார்.