மாமனார் காலில் தெரிந்த பச்சை

மாமனாரின் வலது கால் கட்டைவிரல் வீங்கியதும், பெருமாநல்லூரில் எங்கள் பனியன் கம்பெனியே வைத்தியம் பேச ஆரம்பித்தது. கட்டிங் மாஸ்டர் செருப்புக் கடி என்றார். என் கணவர் சர்க்கரை என்றார். முதலில் பார்த்த டாக்டர் மூட்டில் யூரிக் அமிலம் சேர்ந்திருக்குமோ என்று ரத்தம் எடுத்தார். அளவு சரியாக இருந்தது. உடனே கிருமித்தொற்று என்று மாத்திரை கொடுத்துவிட்டார்.

மாமனாருக்கு அது போதாதா? "ரத்தம் நல்லாருக்குதாமா அம்மிணி. ஞாயித்துக்கெழம தலக்கறி எடுத்தாரச் சொல்லு."

தலக்கறி தின்ற மறுநாள், திங்கட்கிழமை, போர்வை பட்டாலே அலறினார். எனக்கோ ஷிப்மெண்ட் நேரம். கணவரிடம் சொன்னால், "நீயே அப்பாகிட்டப் பேசு, நீ சொன்னாத்தான் கேப்பாரு" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் நான் சொல்லி எதையும் கேட்டதில்லை.

நானே காரோட்டி கோயமுத்தூரில் மூட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் அளவு சரியாகவே காட்டலாம் என்றார் அவர். மூட்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கலாம் என்றதும் மாமனார் நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார். அதனால்தான் டூயல் எனர்ஜி சிடி ஸ்கேன்.

"ரெண்டு விதமான சக்தியில எக்ஸ்ரே எடுப்போமுங்க. எலும்புல இருக்கற சுண்ணாம்பும் யூரிக் உப்பும் அதுல வேற வேற மாதிரி தெரியும். கம்ப்யூட்டர் பிரிச்சு நெறம் போட்டுக் காட்டிரும்" என்றார் டாக்டர்.

திரையில் எலும்பு நீலமாக இருந்தது. கட்டைவிரல் மூட்டிலும் கணுக்காலிலும் பச்சை. வலியே வராத இடது காலிலும் பச்சை.

"இந்தப் பச்சை நீங்க போட்டதுங்களா?" என்றார் மாமனார்.

"நெறம் கம்ப்யூட்டர் போட்டதுங்க. உப்பு உங்களுது."

உப்பைக் கரைக்கும் மாத்திரை தொடங்கிய சில நாளில் வலி திரும்பியது. அப்படி வரலாம், நிறுத்தக்கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இவர் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார். மெத்தைக்கடியில் மாத்திரைகளைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"இத்தனை அலைஞ்சது எதுக்குங்க மாமா? படத்துல உங்க கண்ணாலயே பாத்தீங்கல்ல?"

குரல் பக்கத்து ஊடு வரைக்கும் கேட்டிருக்கும். அவர் என்னையே பார்த்தார். "நீ சத்தம் கூடப் போடுவியா அம்மிணி?" என்றார். பிறகு தண்ணீர் கேட்டார்.

ஒரு வருஷம் கழித்து எடுத்த ஸ்கேனில் பச்சை வெகுவாகக் குறைந்திருந்தது. இப்போது நன்றாக நடக்கிறார். நேற்று படியில் கால் பிசகிய டெய்லர் பெண்ணை உட்காரவைத்து, டூயல் எனர்ஜி சிடி எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஐஸ் எடுக்கப் போனேன்.